கொழுந்துப் பட்டுவாடா நாளில் பிரிண்டர் ஆஃப்லைன்

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஆபீஸ்களில் அந்த ஆண்டி வேலையைப் பார்ப்பது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் (அதில் ஒரு வகைதான் உபுண்டு) போட்ட கணினிதான். பேப்பர் சிக்கினாலும் சரி, டோனர் தீர்ந்தாலும் சரி, பிரிண்டரின் பிளக்கை யாராவது பிடுங்கிவிட்டு ஹீட்டரைச் சொருகியிருந்தாலும் சரி, "தம்பி, உங்க உபுண்டு வந்ததுல இருந்துதான் இப்படி" என்றுதான் எனக்கு போன் வரும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இப்போது எழுதுவது கோத்தகிரி பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரி பற்றி. சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து வாங்கித் தூள் ஆக்குகிறவர்கள். மாதம் ஒரு முறை, தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவித்ததும் கணக்கு முடித்து, ஒவ்வொரு விவசாயிக்கும் எத்தனை கிலோ, பிடித்தம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று ஒரு சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த நாளில் பிரிண்டர் நின்றால் ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும்.

அங்கே முன்பு எல்லாம் விண்டோஸ் 10தான். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் சில விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை, அவற்றைத் தூக்கிப் போட முதலாளிக்கு மனசு வரவில்லை, அதனால் அவற்றில் உபுண்டு போட்டோம். கணக்கு பார்க்கும் அக்காவுக்குப் புதிதாக விண்டோஸ் 11 கணினி வந்தது. முதலாளியின் மகள் பாக்கெட் டீ வியாபாரத்தைப் பார்க்க வந்தபோது கூடவே ஒரு மேக்புக்கும் வந்தது. ஆக மூன்று வகைக் கணினி, நடுவில் ஒரே ஒரு லேசர் பிரிண்டர். நெட்வொர்க் கேபிள் சொருகும் வசதி உள்ள, ஸ்கேனும் எடுக்கிற சாதாரண ஆல் இன் ஒன்தான்.

வந்த புகாரை அப்படியே சொல்கிறேன். மேக்கில் அடித்தால் வருகிறது. விண்டோஸில் ஆஃப்லைன் என்கிறது. உபுண்டுவில் கொடுத்தால் போன மாதிரி காட்டுகிறது, ஆனால் எதுவும் வருவதில்லை. சில நேரம் மேக்கிலும் வருவதில்லை, குறிப்பாக கீழே ஸ்டோர் ரூம் பக்கம் உட்கார்ந்திருந்தால்.

இந்த மாதிரிப் புகார் வந்தால் பலரும் முதலில் செய்வது டிரைவரை, அதாவது பிரிண்டரோடு பேசக் கணினியில் போடும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேற்று வரை ஓடிய டிரைவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கெட்டுப்போவது அபூர்வம், மாறியிருப்பது பெரும்பாலும் வழிதான். அதனால் கணினி எதையும் தொடாமல் நேரே பிரிண்டரிடம் போய், அதன் பட்டனிலேயே நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிடச் சொல்வேன். அந்தப் பக்கமே வரவில்லை என்றால் மூன்று சிஸ்டத்துக்கும் இதில் பங்கில்லை, பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். வந்தால் அதில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்த பிரிண்டரின் கதவு எண், இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு கணினியிலும் பிரவுசரில் போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய நெட்வொர்க் பிரிண்டர்கள் அனேகமாக எல்லாமே தன்னைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தானே காட்டும், டோனர் எவ்வளவு மிச்சம் என்பது உட்பட. அந்தப் பக்கம் தெரிகிற கணினிக்கு வழி இருக்கிறது. தெரியாத கணினியில் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவது வீண் வேலை.

இங்கே போட்டுப் பார்த்தால் உபுண்டுவில் தெரிந்தது, விண்டோஸில் தெரிந்தது. மேக்புக் ஆபீஸ் அறையில் இருந்தால் தெரிந்தது, ஸ்டோர் பக்கம் போனால் தெரியவில்லை.

ஸ்டோர் பக்கம் என்ன நடந்தது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன், மலையில் பழைய கட்டடங்களில் இது அடிக்கடி வரும். கருங்கல் சுவர், வைஃபை அடுத்த அறைக்கே ஒழுங்காகப் போகாது. யாரோ நல்லெண்ணத்தோடு இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, அதன் வான் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும்) துளையில் சொருகி வைத்திருந்தார்கள். இன்டர்நெட் ஜோராக வந்தது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ரவுட்டர் தனியாக ஒரு குட்டி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருந்தது. ஆபீஸ் முழுக்க 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள், ஸ்டோர் பக்கம் மட்டும் 192.168.0. மேக்கும் போன்களும் பிரிண்டரைத் தேடும் முறை, "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா" என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுப்பது. ஆப்பிள் அதை பான்ஜோர் என்கிறது, லினக்ஸில் அதே வேலையை அவாஹி செய்கிறது. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக, அதாவது தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபையை மட்டும் நீட்டுகிற பெட்டியாக, மாற்றினேன். அதில் அந்த வசதி மெனுவிலேயே இருந்தது. இல்லாத ரவுட்டர் என்றால் மற்றவர்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, ரவுட்டருக்கு வேறு ஒரு முகவரி கொடுத்து, கேபிளை வான் துளையிலிருந்து கணினிகளைச் சொருகும் லான் (LAN) துளைக்கு மாற்றினால் போதும். விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அதில் இருந்துகொண்டு பிரிண்டர் தெரியவில்லை என்றால் எப்படித் தெரியும்.

அடுத்தது விண்டோஸின் ஆஃப்லைன். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கணினிகளுக்கு யுபிஎஸ் உண்டு. லேசர் பிரிண்டரை அதில் போடக் கூடாது, அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. ஆக கரண்ட் போனால் பிரிண்டரும் ரவுட்டரும் செத்துப் பிழைக்கும். சின்ன ரவுட்டர்கள் பல, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை அணைந்ததும் மறந்துவிடும். திரும்ப எழுந்ததும் முதலில் வந்து கேட்கிறவருக்கு முதல் முகவரி. பிரிண்டர் நிதானமாகச் சூடாகி வந்து கேட்பதற்குள் அதன் பழைய முகவரியை மேஸ்திரியின் போன் வாங்கிவிட்டிருக்கும். விண்டோஸிலோ பிரிண்டரை யாரோ ஒரு காலத்தில் ஐபி முகவரி போட்டுச் சேர்த்திருந்தார்கள். அது பாவம், அந்தப் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

மேக்கில் மட்டும் ஏன் வந்தது என்றால், அது முகவரியை மனப்பாடம் செய்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லித் தேடிக்கொள்கிறது. இதை விளக்கிய பிறகுதான் "மேக்தான் ஒஸ்தி" என்ற பேச்சு அந்த ஆபீஸில் அடங்கியது.

தீர்வு எளிது. ரவுட்டரின் அமைப்பில் பிரிண்டரின் ஹார்டுவேர் முகவரியை (மெஷினோடு பிறந்த, மாறாத எண்) கொடுத்து, இதற்கு எப்போதும் 192.168.1.50தான் என்று ஒதுக்கி, விண்டோஸிலும் அதையே போட்டுவிட்டேன். பிரிண்டரிலேயே நிரந்தர ஐபி போடுவதும் ஒரு வழி. எனக்கு ரவுட்டரில் செய்வதுதான் பிடிக்கும், நாளைக்கு யார் வந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் எல்லாம் தெரியும். பிரிண்டர் மேல் அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியும் வைத்தேன்.

இவ்வளவு செய்தும் விண்டோஸ் ஆஃப்லைன் என்றே காட்டியது. பிரிண்ட் வருகிறது, ஆனால் ஆஃப்லைன்! இது பழைய வியாதி. விண்டோஸ் பிரிண்டரின் உடல்நலத்தை எஸ்என்எம்பி என்ற தனி வழியில் விசாரிக்கிறது, அதற்குப் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில், கணினி பிரிண்டரை அடையும் வழியைச் சொல்லும் போர்ட் பகுதிக்குப் போய், கான்ஃபிகர் போர்ட்டைத் திறந்தால், அடியில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிட வேண்டும். அதே இடத்தில் போர்ட்டின் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள், டபிள்யூஎஸ்டி (WSD) என்று தொடங்கினால் அதை விட்டுவிட்டு ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் புதிதாகச் சேர்ப்பது நல்லது. டபிள்யூஎஸ்டி தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும்போது சௌகரியமாகத்தான் இருக்கும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும்.

இதில் எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. பிரிண்டர் நெட்வொர்க்கிலேயே இருக்கும்போது, அக்காவின் விண்டோஸ் கணினியிலிருந்து அதை ஷேர் செய்து, உபுண்டு அந்த ஷேர் வழியாக அச்சிடும்படி யாரோ அமைத்திருந்தார்கள். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போக மேட்டுப்பாளையம் இறங்கி, பர்லியார் வழியாகத் திரும்ப ஏறுவது மாதிரி இது. அக்கா லீவு என்றால் பிரிண்ட் இல்லை. அக்கா பாஸ்வேர்டை மாற்றினால் பிரிண்ட் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து நான்கு இலக்கப் பின் போட்டுத் திறப்பவர்கள், அந்தப் பின்னையே உபுண்டு கேட்கும் இடத்திலும் அடித்துவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று விழிப்பார்கள், நெட்வொர்க்கில் அந்தப் பின் நம்பர் செல்லாது, கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும்.

அதோடு 2021க்குப் பிறகு விண்டோஸ் ஷேரிங் முன்பு போல இல்லை. அந்த வருடம் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரில் பிரிண்ட் நைட்மேர் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது, ஜூலையிலிருந்து வரிசையாக அப்டேட்டுகள், செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு ஷேர் செய்த பிரிண்டரில் இணைய முடியாமல் 11பி என்று முடியும் ஒரு பிழை எண் உலகம் முழுக்க வந்தது. அதற்கு விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லும் வைத்தியம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலை செய்யும், ஆனால் அடைத்த ஓட்டை ஒன்றைத் திரும்பத் திறந்துவிடுகிற வேலை அது. நான் செய்வதில்லை, செய்துவைத்திருந்தால் பழையபடி மாற்றிவிடுவேன். ஷேரையே எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி மொத்தமும் போய்விடுகிறது.

உபுண்டுவிலிருந்து பிரிண்டருக்கு நேராகப் போக ஐபிபி (IPP) என்ற பொதுவான அச்சு முறை இருக்கிறது, 631 என்ற போர்ட். மேக்கும் லினக்ஸும் உள்ளே ஓட்டுவது கப்ஸ் (CUPS) என்ற ஒரே அச்சு மென்பொருள்தான் என்பது பலருக்குத் தெரியாது. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளிவந்தது. 2002இல் ஆப்பிள் தன் சிஸ்டத்தில் சேர்த்துக்கொண்டது, 2007இல் மூல நிரலையே வாங்கி ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதனால் ஆப்பிளின் டிரைவர் இல்லாத அச்சு முறையான ஏர்பிரிண்ட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பிரிண்டர் அனேகமாக உபுண்டுவில் டிரைவரே இல்லாமல் ஓடும். புதிதாக வாங்கப்போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். மைக்ரோசாஃப்ட்டும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது, தயாரிப்பாளர்களின் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள்.

சரி, உபுண்டுவையும் நேராக இணைத்தாயிற்று. சோதனைப் பக்கம் வந்தது. அப்புறம் எடைச் சீட்டு கொடுத்தால் வரவில்லை. அதோடு அக்கா கொடுத்ததும் வரவில்லை, மேக்கில் கொடுத்ததும் வரவில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் அக்கா.

பிரிண்டரில் ஒரு ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லோரும் தங்கள் தங்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டிஸ்ப்ளேயில் லெட்டர் பேப்பர் வைக்கவும் என்று ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊரில் லெட்டர் சைஸ் பேப்பருக்கு எங்கே போவது! உபுண்டு நிறுவும்போது மொழி கேட்கும் இடத்தில் ஆங்கிலம் என்று தட்டிவிட்டுப் போனால் பல நேரம் அமெரிக்க ஆங்கிலம் உட்கார்ந்துகொள்ளும், அமெரிக்கா என்றால் பேப்பர் அளவும் லெட்டர். ஏ4ஐவிட ஆறு மில்லிமீட்டர் அகலம் அதிகம், நீளம் குறைவு. சில பிரிண்டர்கள் போனால் போகட்டும் என்று ஏ4இலேயே அடித்துவிடும். இது நேர்மையான பிரிண்டர், கேட்ட பேப்பர் வரும்வரை உட்கார்ந்திருந்தது, அதன் பின்னால் மூன்று கணினிகளின் வேலையும் வரிசையில் நின்றது. ஒரு கணினியின் பேப்பர் அளவு மொத்த ஆபீஸையும் நிறுத்தியதை, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நெட்வொர்க் கோளாறு என்றுதான் சொல்வார்கள். பிரிண்டரில் கேன்சலை அழுத்தினேன், பின்னால் நின்ற சீட்டெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன. உபுண்டுவில் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றி, பிரிண்டரின் இயல்பான அளவையும் ஏ4 ஆக்கினேன். எடைச் சீட்டு அடிக்கும் ஆவணத்துக்குள்ளேயும் லெட்டர் என்று இருந்தது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்த மூன்றாவது இடத்தைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் அக்கா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், அன்றைக்கு லினக்ஸ் கணினிதான் வழியை மறித்தது.

கப்ஸின் இன்னொரு குணமும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாதி அச்சில் கரண்ட் போனால், பிரிண்டர் திரும்ப வந்த பிறகும் வரிசையை நிறுத்தியே வைத்திருக்கலாம். உபுண்டுவிலும் மேக்கிலும் பாஸ்டு என்று காட்டும், ரெஸ்யூம் கொடுத்தால் கிளம்பிவிடும். மறுபடி மறுபடி அதே சீட்டைக் கொடுத்துவிட்டு, ரெஸ்யூம் ஆனதும் ஒரே விவசாயிக்குக் கத்தை கத்தையாக வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் பேப்பர் பேப்பராக சதவிகிதக் குறியும் ஆச்சரியக்குறியும் புரியாத ஆங்கில எழுத்துகளுமாக வந்தால் பயப்பட வேண்டாம், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி தெரியாத பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம், டிரைவர் தேர்வு தப்பு. டிரைவரைத் தொட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பேன்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தை உபுண்டுவில் திறந்து அச்சிட்டால் கோழி கிறுக்கியது வரும், அதையும் பிரிண்டர் தலையில் போடுவார்கள். அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எழுதிய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். புதிதாக எழுதுவதையாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று.

எடை மேடை பக்கம் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை நான் தொடவே இல்லை. அது ஒரே ஒரு விண்டோஸ் கணினியோடு கேபிளில் இருக்கிறது, கொழுந்து வந்து இறங்கும் நேரத்தில் ரசீது அடிக்கிறது, ஒழுங்காக ஓடுகிறது. அதை எதற்கு நெட்வொர்க்கில் இழுத்துவிட வேண்டும். யுஎஸ்பி மட்டும் உள்ள சின்ன லேசர் பிரிண்டர்களை வைத்துக்கொண்டு எல்லாக் கணினிக்கும் வேண்டும் என்பவர்கள், ஒரு பழைய லினக்ஸ் கணினியில் அதைச் சொருகி கப்ஸ் வழியாகப் பகிரலாம். அதற்காக ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வாங்கும் முன் ஒன்று பாருங்கள், சில மாடல்களின் டிரைவர் இன்டெல் வகைக் கணினிக்கு மட்டும்தான் கிடைக்கும், ராஸ்பெரி பையில் ஓடாது.

நெட்வொர்க்குக்குச் சம்பந்தமில்லாதது ஒன்று, ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு உதவும். மூட்டம் இறங்கும் மாதங்களில் பிரித்த பேப்பர் கட்டு ஈரம் குடித்து ஓரம் சுருண்டுகொள்ளும், அப்புறம் எந்த சிஸ்டத்திலிருந்து கொடுத்தாலும் ஜாம்தான். ட்ரேயில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், மிச்சத்தை உறையோடு பீரோவில் வையுங்கள்.

ஸ்கேன் இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த மெஷின் ஸ்கேன் செய்து கணினியின் ஃபோல்டருக்கு அனுப்ப எஸ்எம்பி (SMB) என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பைத்தான் கேட்கிறது, விண்டோஸ் அதை 2017இலிருந்தே புதிதாக நிறுவும்போது விட்டுவிடுகிறது. அதைத் திரும்ப இயக்க எனக்கு இஷ்டமில்லை. உபுண்டுவிலும் மேக்கிலும் கணினியிலிருந்தே ஸ்கேனரைக் கூப்பிட்டால் டிரைவர் இல்லாமல் வருகிறது. அக்கா மட்டும் இப்போதைக்குப் பென் டிரைவைச் சொருகி ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.